வாரிசு யார்?

என் அக்காள் மகன் சென்னையில் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிச் சம்பாதிக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், மூன்று நாளும் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடியே திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அடுத்தவன் முகச் சுளிப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது கதை எழுதுகிறவனுக்கு முடியாத காரியம்.

"என்னடா தம்பி, என்ன சங்கடம்?" என்று கேட்டேன்.

"வாரிசுத் தகராறு மாமா" என்றான்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அக்காள் வீட்டில் இருப்பதெல்லாம் ஒன்றரை ஏக்கர் நிலமும் ஓர் ஓட்டு வீடும். அதற்குள் தகராறா என்று பதறினேன். அவன் சிரித்துவிட்டான். தகராறு மனிதர்களுக்குள் இல்லையாம். அவன் எழுதிய நிரலுக்குள் இருக்கும் கணக்குகளுக்குள்ளாம்.

கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். கணிதத்துக்கும் எனக்கும் அப்போதே விவாகரத்து ஆகிவிட்டது. ஆனாலும் அன்று அவன் சொன்ன விஷயம் இன்று வரை என் மனத்தை விட்டுப் போகவில்லை. எனக்குப் புரிந்த அளவில் அதை இங்கே சொல்கிறேன். கேட்பதற்கு ஏதோ யந்திர சமாசாரம் போலத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படித்தால், அது யந்திரத்தை மட்டும் பற்றியதல்ல என்பது தெரியும்.

அவன் எழுதிக்கொண்டிருந்தது ஒரு பண நிறுவனத்துக்கான நிரல். அதில் 'கணக்கு' என்று ஒரு இனத்தை முதலில் வரையறுக்கிறார்கள். கணக்கு என்றால் அதற்குச் சொந்தக்காரர் பெயர் உண்டு, இருப்புத் தொகை உண்டு, பணம் போடலாம், பணம் எடுக்கலாம். இவ்வளவையும் ஒரு தடவை எழுதிவிட்டால் போதும். பிறகு 'சேமிப்புக் கணக்கு' என்று எழுதும்போது, 'இது கணக்கின் வாரிசு' என்று ஒரே ஒரு வரி. மேலே சொன்ன அத்தனையும் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. வட்டி கொடுப்பதை மட்டும் புதிதாக எழுதிக்கொள்ளலாம். தகப்பன் செய்கிற ஒரு காரியத்தைப் பிள்ளை வேறு விதமாகச் செய்ய விரும்பினால் அதை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளவும் அனுமதி உண்டு. பிள்ளையிடம் ஒரு வேலையைச் சொன்னால், அவன் எழுதிவைத்திருக்கிறானா என்று யந்திரம் முதலில் பார்க்கும். இல்லையென்றால் தகப்பனிடம் போகும். அங்கும் இல்லையென்றால் பாட்டனிடம் போகும்.

நம் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இதற்கு மரபுரிமம் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். மேலே நான் இனம் என்று சொன்னதற்கு அதில் 'இனக்குழு' என்று பெயர். கம்ப்யூட்டர் பாடத்தில் இனக்குழுவும் மரபுரிமமும் வருவதைப் பார்த்தால், மொழிபெயர்த்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, எனக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு மூல புருஷர்கள் நார்வே தேசத்தைச் சேர்ந்த இருவர். கிறிஸ்டன் நைகார்ட், ஓலெ யொஹான் டால் என்று பெயர். ஓஸ்லோ நகரில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் இருந்தபடி 1960களில் சிமுலா என்ற நிரல் மொழியை உண்டாக்கினார்கள். உலகத்தில் நடப்பவற்றை, வரிசைகளும் காத்திருப்புகளும் உட்பட, யந்திரத்துக்குள் நடத்திப் பார்ப்பது அவர்களுடைய நோக்கம். சுங்கச் சாவடி உள்ள ஒரு பாலத்தின் முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதை உதாரணமாக வைத்து யோசித்தார்கள். லாரியும் வண்டிதான், பஸ்ஸும் வண்டிதான். இரண்டுக்கும் பொதுவாக உள்ளதைத் திரும்பத் திரும்ப எழுதுவானேன்? 1967இல் அவர்கள் வெளியிட்ட சிமுலா 67 என்ற மொழியில் இதற்கு வழி பிறந்தது. அவர்கள் அதைக் குறிக்க 'முன்னொட்டு' என்று பொருள்படும் சாதுவான சொல்லைத்தான் உபயோகித்தார்கள். வாரிசு, சுதந்தரம் என்ற குடும்பச் சொற்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. டென்மார்க்கில் பிறந்த பியார்னெ ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, பிறகு சி பிளஸ் பிளஸ் என்று பெயர் பெற்ற மொழிக்கு, சிமுலாவிலிருந்தே இந்த வித்தையை எடுத்துக்கொண்டார். 1995இல் வெளிவந்த ஜாவாவிலும் இது உண்டு. நைகார்டுக்கும் டாலுக்கும் 2001ஆம் வருஷத்து டூரிங் பரிசு கிடைத்தது. 2002இல் சில வாரங்கள் இடைவெளியில் இருவருமே காலமானார்கள்.

இதில் வேடிக்கையும் உண்டு. சி பிளஸ் பிளஸில் ஒரு பிள்ளைக்கு இரண்டு தகப்பன்கள் இருக்கலாம். அந்த இரண்டு தகப்பன்களுக்கும் பாட்டன் ஒருவனாகவே இருந்துவிட்டால், பேரனுக்குள் அந்தப் பாட்டன் ஒருவனா இருவரா என்று குழப்பம் வந்துவிடுகிறதாம். தனியாகச் சொல்லாவிட்டால் இருவர் என்றே வைத்துக்கொள்ளுமாம். நம் வீடுகளில் அத்தை மகனுக்கு மாமன் மகளைக் கட்டிவைத்து, ஒரே கிழவி அம்மா வழியிலும் அப்பா வழியிலும் பாட்டியாக வந்து நிற்கிறாள். பாட்டி ஒருத்திதான் என்று நமக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஜாவாவை உண்டாக்கியவர்கள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று, ஒரு பிள்ளைக்கு ஒரே தகப்பன் என்று கண்டிப்பாக விதி செய்துவிட்டார்கள்.

சரி, என் மருமகனின் தகராறுக்கு வருகிறேன். அவனுக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவர், 'நிரந்தர வைப்புக் கணக்கு' என்பதையும் கணக்கின் வாரிசாக எழுதிவைத்துவிட்டார். பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. அதற்கும் சொந்தக்காரர் உண்டு. அதிலும் இருப்பு உண்டு. ஆனால் தவணை முடியும் முன் பணம் எடுக்க முடியாது. ஆகவே 'பணம் எடு' என்ற காரியத்தை மாற்றி எழுதி, 'முடியாது' என்று பதில் சொல்ல வைத்துவிட்டார். நிரலில் வேறோர் இடத்தில், எல்லாக் கணக்குகளிலிருந்தும் வருஷக் கட்டணம் பிடித்துக்கொள்ளும் ஒரு பகுதி இருந்தது. அந்தப் பகுதிக்குச் சேமிப்புக் கணக்கும் தெரியாது, வைப்புக் கணக்கும் தெரியாது. 'கணக்கு' என்று பெயர் இருந்தால் பணம் எடுக்கலாம் என்ற ஒன்றுதான் தெரியும். அது வரிசையாக எடுத்துக்கொண்டே வந்து வைப்புக் கணக்கிடம் கை நீட்டியது. 'முடியாது' என்றதும் திகைத்து, பாதி வேலையில் அப்படியே நின்றுவிட்டது.

"யார் மேல தப்பு?" என்று கேட்டேன்.

"கை நீட்டினவன் மேல தப்பு இல்லை மாமா. தகப்பன் பேரைச் சொல்லி வரிசையில நின்னான் பாருங்க, அவன் மேலதான் தப்பு. தகப்பன் குடுத்த வாக்கைக் காப்பாத்த முடியாதவன் அந்த வரிசையில நிக்கவே கூடாது."

இது அவனுடைய சொந்த ஞானமல்ல. அமெரிக்காவில் பார்பரா லிஸ்காவ் என்ற பேராசிரியை 1987இல் ஒரு மாநாட்டுப் பேச்சில் இதை எடுத்துச் சொன்னார். 1994இல் ஜானெட் விங் என்பவரோடு சேர்ந்து கணித முறைப்படி நிலைநாட்டினார். 2008ஆம் வருஷத்து டூரிங் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் சொன்னதன் சாரம் இது: தகப்பனை எதிர்பார்த்து ஒருவர் நிற்கும் இடத்தில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால், அவர் ஏமாறக் கூடாது. பிள்ளை எத்தனை புதிய காரியங்கள் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் தகப்பன் கேட்காத நிபந்தனையைப் பிள்ளை கேட்கக் கூடாது. தகப்பன் கொடுத்ததற்குக் குறைவாகப் பிள்ளை கொடுக்கக் கூடாது. பெர்ட்ராண்ட் மேயர் என்ற பிரெஞ்சுக்காரர் 1980களில் ஐஃபெல் என்ற மொழியை உண்டாக்கியபோது, இதற்கு ஒப்பந்தம் என்றே பெயர் வைத்து, அதை நிரலுக்குள் எழுதிக் காட்டவும் ஏற்பாடு செய்தார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு எங்கள் கடை ஞாபகம் வந்தது.

என் தகப்பனார் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடையின் நெற்றியில் அவர் பெயர் எழுதிய பலகை தொங்கும். அவர் இறந்தபோது எனக்கு வயது 22. காரியங்கள் முடிந்த மறுநாள் நானும் அண்ணனும் கடையைத் திறந்தோம். பலகையை மாற்றுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்தப் பெயருக்காகத்தானே ஜனங்கள் வருகிறார்கள்? ஆனால் ஒன்றை மட்டும் மாற்றினோம். அப்பா கடன் கொடுப்பார். அறுப்புக் காலத்தில் வந்து அடைப்பார்கள். சிலர் அடைக்காமலும் போவார்கள். அதெல்லாம் இனிமேல் கட்டுப்படியாகாது என்று அண்ணன் சொன்னார். நானும் தலையாட்டினேன். 'கடன் இல்லை' என்று ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியவனே நான்தான்.

அந்த வாரத்தில் ஒரு கிழவி வந்தாள். கீழத் தெருவிலிருந்து வருஷக்கணக்காக வருகிறவள். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வழக்கம்போலச் சொன்னாள். கட்டி வைத்த பிறகு, "ஐயா நோட்டுல எழுதிக்குங்க, அறுப்பு முடிஞ்சதும் குடுத்துடுறேன்" என்றாள். நான் அட்டையைக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. வாயால் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெளியே வந்து தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "போர்டு அப்படியேதானே சாமி இருக்கு?" என்று கேட்டாள்.

கோபத்தில் கேட்கவில்லை. தான் கடை மாறி வந்துவிட்டோமோ என்ற உண்மையான சந்தேகத்தில் கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. முந்தானை முடிச்சில் இருந்த காசுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு அரிசி மட்டும் வாங்கிக்கொண்டாள். மீதிச் சில்லறையை நான் கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதவேண்டியிருக்கிறது. அவள் இரண்டு கையையும் ஏந்தினாள். என் கை ஒரு சாண் உயரத்தில் நின்று காசை நழுவவிட்டது.

கீழத் தெருக்காரர்களுக்கு அப்பா அப்படித்தான் சில்லறை கொடுப்பார். கை பட்டுவிடாமல் போடுவார். யாரும் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தபோது சமத்துவத்தைப் பற்றி மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவன் நான். 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், தன் 17ஆவது பிரிவில், தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது. அதைப் பாடமாகவும் படித்திருந்தேன். ஆனால் சில்லறை கொடுக்க வேண்டிய அந்த நிமிஷத்தில் என்னிடம் நானாக எழுதிவைத்தது எதுவும் இல்லை. கேள்வி தகப்பனிடம் போயிற்று. தகப்பனிடமிருந்து பதில் வந்தது. கை அதைச் செய்துவிட்டது.

இப்போது கணக்குப் பார்க்கிறேன். அப்பாவிடம் இரண்டு இருந்தன. கஷ்டப்பட்டவருக்கு அரிசி கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பது ஒன்று. அதே மனிதரின் கை தன் மேல் படாமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. முதலாவதை நான் மாற்றி எழுதினேன். அதற்கு யோசனை செய்தேன், அண்ணனோடு விவாதித்தேன், அட்டைகூட எழுதினேன். இரண்டாவதை மாற்றவில்லை, அது என்னிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. நமக்கு நஷ்டம் தருகிற பரம்பரைக் குணம் உடனே கண்ணில் படுகிறது. அடுத்தவருக்கு நஷ்டம் தருகிற பரம்பரைக் குணம் கண்ணில் படுவதே இல்லை.

கேட்காமல் சுமந்து வருவது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1996 ஜூன் 4ஆம் தேதி, பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ தளத்திலிருந்து, ஐரோப்பியர்களின் ஏரியன் 5 என்ற புதிய ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடிகளில் வானத்திலேயே உடைந்து சிதறியது. அதில் ஆட்கள் இல்லை. நான்கு செயற்கைக் கோள்கள் இருந்தன. திசை காட்டும் கருவியின் நிரலை முந்திய ராக்கெட்டான ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட் பக்கவாட்டில் அதிக வேகமாகப் போகக்கூடியது. அந்த வேகத்தைக் குறிக்கும் எண், அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. 32767க்கு மேல் அந்த இடம் கொள்ளாது. இதில் வேதனை என்னவென்றால், அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த பகுதிக்குப் புதிய ராக்கெட்டில், தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஒரு வேலையும் கிடையாது. பழையதில் இருந்தது, ஆகவே புதியதிலும் இருந்தது. இது நான் மேலே சொன்ன வாரிசு முறையில் நடந்ததல்ல. எழுதியதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டதுதான். ஆனால் மனித சுபாவம் இரண்டிலும் ஒன்றுதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தகப்பனின் வாக்கைப் பிள்ளை காப்பாற்ற வேண்டும் என்பது விதியானால், கை படாமல் காசு போடுவதும் ஒரு வாக்குத்தானே? அப்பா தம் உறவுக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வாய் திறவாமல் கொடுத்திருந்த வாக்கு அது. 'இந்தக் கடையில் ஆசாரம் கெடாது' என்று நம்பித்தானே அவர்களும் வந்தார்கள்? அதை நான் மீறினால் அவர்கள் ஏமாந்துபோக மாட்டார்களா?

ஏமாந்துதான் போவார்கள். இந்த இடத்தில் லிஸ்காவ் அம்மையாரின் விதி எனக்கு உதவாது; உதவுவதாக அவர் சொல்லவும் இல்லை. கொடுத்த வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்று பார்க்க அந்த விதி போதும். கொடுத்தது கொடுக்கத் தக்க வாக்குத்தானா என்று அதனிடம் கேட்க முடியாது. அதைக் கேட்க யந்திரத்தை விட்டு வெளியே வர வேண்டும். அரிசிக் கடன் என்ற வாக்கு, பெற்றுக்கொண்டவளுக்கும் தெரிந்து, அவள் கையில் கொடுத்த வாக்கு. மற்றது அவளைப் பலியாக வைத்து, அவளுக்குப் பின்னால் வேறு யாருக்கோ கொடுத்த வாக்கு. அப்படிப்பட்ட வாக்கைத் தகப்பன் கொடுத்தாலும் பிள்ளையைக் கட்டாது என்றுதான் என் மனச்சாட்சி சொல்கிறது. ஆனால் அதை மீறுகிறவன், மீறுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு மீற வேண்டும். தகப்பன் பெயரின் மறைவில் நின்றுகொண்டு மீறக் கூடாது.

அப்படியானால் நான் அன்று என்ன செய்திருக்க வேண்டும்? கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்றா சொல்கிறேன்? இல்லை. அண்ணன் சொன்னது பொய்யல்ல. கடை நிஜமாகவே தள்ளாடிக்கொண்டிருந்தது. வழி வேறொன்று இருந்தது. அதையும் என் மருமகனிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

நிரல் எழுதுகிறவர்கள் ஒரு வித்தியாசத்தை ஓயாமல் கேட்டுக்கொள்வார்களாம்: ஒரு பொருள் இன்னொரு பொருளாக 'இருக்கிறதா', அல்லது இன்னொரு பொருளை 'வைத்திருக்கிறதா'? வைப்புக் கணக்கு, கணக்காக இருக்க வேண்டியதில்லை. இருப்புத் தொகையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு பகுதியைத் தனக்குள் வைத்துக்கொண்டால் போதும். பயன் கிடைக்கும், பெயர் வராது, பெயரோடு வரும் வாக்கும் வராது. 1990களிலிருந்தே அனுபவசாலிகள், கூடுமான இடங்களில் வாரிசாவதை விட வைத்துக்கொள்வதே மேல் என்று சொல்லி வருகிறார்கள். 2009இல் வெளியான கோ என்ற மொழியிலும், 2015இல் முதல் பதிப்புக் கண்ட ரஸ்ட் என்ற மொழியிலும் இந்த வகை வாரிசு முறையே கிடையாது. அதை உண்டாக்கி அரை நூற்றாண்டு ஆவதற்குள், அது இல்லாமலே குடித்தனம் நடத்தலாம் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

நாங்கள் அப்பாவின் கடையை வைத்துக்கொண்டிருக்கலாம். தராசையும் படிக்கற்களையும் வைத்துக்கொண்டிருக்கலாம். பலகையை இறக்கியிருக்க வேண்டும். எங்கள் பெயரை எழுதி, 'இது வேறு கடை, இங்கே ரொக்கம்தான்' என்று சொல்லியிருந்தால் அந்தக் கிழவி வருத்தப்பட்டிருப்பாள்; ஏமாந்திருக்க மாட்டாள். வருத்தம் வேறு, ஏமாற்றம் வேறு. நாங்கள் அவருடைய பெயரின் லாபத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெயருக்கு அவர் கட்டிவந்த கிரயத்தைக் கட்ட மறுத்தோம். பிதுரார்ஜிதம் என்றால் நாம் வீட்டையும் நிலத்தையும்தான் நினைக்கிறோம். ஒரு மனிதர் விட்டுப்போவதில் பாதி, அவரை நம்பியவர்களின் எதிர்பார்ப்பு. அதற்குப் பத்திரப் பதிவு கிடையாது.

கடை நான்கு வருஷத்தில் மூடிவிட்டது. பலகை எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. கிழவி பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. அவளைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எனக்குத் தோன்றிய காலத்தில் அவள் உயிரோடு இல்லை.

மருமகன் விடுமுறை முடிந்து கிளம்பும்போது, "சரி பண்ணிட்டேன் மாமா. வைப்புக் கணக்கை அந்த வம்சத்துலேர்ந்து எடுத்துத் தனியா எழுதிட்டேன்" என்றான். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். தகப்பனை எழுதுகிறவனுக்கும் கடமை உண்டாம். எது பிள்ளை மாற்றக் கூடாத வாக்கு, எது வெறும் பழக்கம், எதைத் தாராளமாக மாற்றலாம் என்று அவன் குறிப்பு எழுதிவைக்க வேண்டுமாம். எழுதிவைக்க முடியாதென்றால், 'எனக்கு வாரிசு கிடையாது' என்று கதவை அடைத்துவிட வேண்டுமாம். ஜாவாவில் அதற்கு ஒரு சொல்லே இருக்கிறதாம்.

நம்மில் யாருக்கும் கதவை அடைக்க முடியாது. என் தகப்பனார் எனக்குக் குறிப்பு எதுவும் எழுதிவைக்கவில்லை. அவருடைய தகப்பனார் அவருக்கு எழுதிவைத்திருக்கவும் மாட்டார். என் மகனுக்கு இப்போது பதினான்கு வயது. என்னைப் பார்த்து அவன் எதையெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

அன்று இரவு அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அந்தக் கிழவியைப் பற்றிச் சொன்னேன். கடன் இல்லை என்று சொன்னதைச் சொன்னேன். கை உயர்ந்ததையும் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா நல்லவரா, கெட்டவராப்பா?" என்று கேட்டான்.

"இரண்டும் நம்ம வீட்டுலதான் இருக்கு. உனக்கு எது எதுன்னு தெரியணும், அதுக்குத்தான் சொன்னேன்" என்றேன்.